ரெண்டு நாள் வச்சிருந்த ஆத்துத் தண்ணியிலயும் மீன் சாகுது, என்ன தப்பு செய்தேன்?

பெருமாள்புரம் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில இருக்கோம். பையன் அஞ்சாம் வகுப்பு படிக்கான். காலாண்டுப் பரீட்சை லீவுக்கு அவனுக்கு ஒரு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தோம். ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம். கல்லு போட்டு நிரப்பினா அறுபது லிட்டர் பிடிக்கும்னு கடையில சொன்னாங்க. காத்து மோட்டார், ஸ்பாஞ்ச் ஃபில்டர் எல்லாம் இருக்கு.

முதல் தடவை விவரம் தெரியாம தாமிரபரணி ஆத்துத் தண்ணி வார வீட்டுக் குழாய்ல இருந்து நேரா பிடிச்சு ஊத்திட்டோம். எட்டு நியான், நாலு கப்பி விட்டோம். சாயந்திரமே எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. ராத்திரிக்குள்ள முடிஞ்சு போச்சு.

கடையில போய்ச் சொன்னேன். குளோரின் போகணும், ரெண்டு நாள் தண்ணியைத் திறந்து வச்சு அப்புறம் ஊத்துங்கன்னாங்க. அதே மாதிரி வீட்டுல இருந்த பெரிய அண்டா ரெண்டுலயும் நிரப்பி, மொட்டை மாடியில மூடாம வெயில் படும்படி ரெண்டு நாள் வச்சேன். பழைய தண்ணியை எல்லாம் கொட்டிட்டு இதை ஊத்தி, ஆறு நியானும் அஞ்சு குட்டி இறாலும் விட்டோம். இறால் ஒரு மணி நேரத்துல சாஞ்சிட்டு. மறுநாள் காலையில நியான் ஆறும் தரையில கிடக்கு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, வாடையும் இல்ல.

பக்கத்து வீட்டுல போர் தண்ணி ஊத்தச் சொல்லுதாங்க, எங்க போர் உப்பு. இன்னொருத்தர் ஆர்.ஓ. கேன் தண்ணிதான் சரின்னு சொல்லுதார். பையன் செத்த மீனை எல்லாம் முருங்கை மரத்தடியில புதைச்சிட்டு வந்தான். அதுக்கப்புறம் தொட்டிப் பக்கமே போக மாட்டேங்கான். அதான் எனக்குத் தாங்கல. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

வள்ளியூர்க்காரன்:

அக்கா, போர் தண்ணியில குளோரின் கிடையாது. நான் அதைத்தான் ஊத்துதேன். தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்குத டி.டி.எஸ். மீட்டர் எங்க வீட்டுல 1100 காட்டும். கண்ணாடியில வெள்ளை வெள்ளையாப் படியும், அவ்வளவுதான். மொல்லி, கப்பி, பிளாட்டி எல்லாம் குட்டி போட்டு நிறைஞ்சு கிடக்கு. நியானை விட்டுட்டு மொல்லி வாங்குங்க.

ஹைப்போ அண்ணாச்சி:

தங்கச்சி, மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம். அந்த அண்டா என்ன அண்டா? எவர்சில்வரா, அலுமினியமா, பித்தளையா, செம்பா? உள்ள ஈயம் பூசியிருக்கா? தண்ணி நிரப்புததுக்கு முன்னால எதை வச்சுத் தேச்சீங்க? இறால் முதல்ல செத்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதனாலதான் கேக்கேன்.

பெருமாள்புரம் அம்மா:

செம்பு அண்டா அண்ணாச்சி. எங்க ஆச்சிக்குச் சீரா வந்தது. உள்ள ஈயம் பூசியிருந்துச்சு, அது போய் வருஷக்கணக்காச்சு. இப்பல்லாம் தெருவுல ஈயம் பூசுதவங்க யாரு வாரா? பரண்ல கிடந்து கருத்துப் போயிருந்துச்சு, மீனுக்கு ஊத்துத தண்ணியாச்சேன்னு புளியும் உப்பும் போட்டுப் பளபளன்னு தேச்சுக் கழுவினேன். சோப்பு கூட போடல. செம்புத் தண்ணி நல்லதுதானே?

ஹைப்போ அண்ணாச்சி:

அதுதான் தங்கச்சி. முதல் தடவை மீனைக் கொன்னது குளோரின். ரெண்டாவது தடவை செம்பு.

நீங்க அக்கறையாத்தான் செய்திருக்கீங்க. சோப்பு போடாம விட்டது ரொம்பச் சரி. ரெண்டு நாள் திறந்து வச்சதுல குளோரினும் போயிருக்கும். ஆனா புளியில தேச்சதும் மேல படிஞ்சிருந்த பழைய கறுப்பு கழண்டு, புதுச் செம்பு வெளிய வந்துட்டு. அதுல ரெண்டு பகல் வெயில்ல சூடான தண்ணி. செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

நமக்கு அது ஆகும். குடிதண்ணியில லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரைக்கும் செம்பு இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் அளவு வச்சிருக்கு. மீனுக்கு அந்தக் கணக்கு செல்லாது. நாம குடிக்கோம், மீன் அதுக்குள்ளயே இருந்து செவுள் வழியா மூச்சு விடுது. நமக்கு ஆகும்ங்கிற அளவுல நூத்துல சில பங்கே சின்ன மீனோட செவுளைக் கெடுத்துப் போடும். இறாலுக்கும் நத்தைக்கும் இன்னும் சீக்கிரம். தொட்டியில இறால் முதல்ல விழுந்து மீன் பின்னால போனா நான் செம்பைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன்.

இன்னொண்ணு, நம்ம ஆத்துத் தண்ணி மென்மையான தண்ணி. பொதிகையில பெய்யுத மழை பாறை மேல ஓடி வாரது, சுண்ணாம்புச் சத்து கம்மி. கடினத் தண்ணியில இருக்கிற கால்சியம், செம்பு செவுள்ல ஏறாம ஓரளவு தடுக்கும். இதே அண்டாவுல வள்ளியூர்த் தம்பி வீட்டுப் போர் தண்ணியை வச்சிருந்தா மீன் இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிச்சிருக்கும். மென்மையான தண்ணியில அந்தக் காவலும் கிடையாது.

இப்ப செய்ய வேண்டியது: தொட்டித் தண்ணி முழுசையும் கொட்டிருங்க, செடிக்கு ஊத்தலாம். கல்லை எடுத்து நல்லா அலசுங்க. ஸ்பாஞ்சையும் கழுவிப் பிழிஞ்சிருங்க, இத்தனை நாள்ல அதுல காப்பாத்துததுக்கு நல்ல பாக்டீரியா ஒண்ணும் வளர்ந்திருக்காது. தொட்டியை ஒரு நாள் வெறுந் தண்ணி நிரப்பி வச்சு அதையும் கொட்டுங்க. இனிமே மீனுக்குன்னு ரெண்டு பிளாஸ்டிக் வாளியும் ஒரு மூடியில்லாத டிரம்மும் தனியா வச்சுக்கிடுங்க. அதுல துணி ஊற வைக்கக் கூடாது, ஃபினாயில் படக் கூடாது. வீட்டுல எல்லார்ட்டயும் சொல்லி வைங்க. எங்க வீட்டுல வாளி மேல பெயிண்ட்ல மீன் படம் வரைஞ்சே வச்சிருக்கேன்.

குளோரினுக்கு வாரேன். நான் டவுன்ல இருபத்தாறு வருஷம் போட்டோ ஸ்டுடியோ நடத்தினேன். படம் கழுவும்போது கடைசியில நெகட்டிவை ஹைப்போவுல போட்டு எடுப்போம். ஹைப்போன்னா சோடியம் தயோசல்ஃபேட், கல்கண்டு மாதிரி வெள்ளை உப்பு. டிஜிட்டல் வந்து இருட்டறையை மூடினப்ப அஞ்சு கிலோ ஹைப்போ டின்னோட மிச்சம் கிடந்துச்சு. அந்த உப்புதான் தண்ணியில இருக்கிற குளோரினைச் சட்டுன்னு முறிக்கும்னு மீன் வளக்குத ஒருத்தர் சொன்னார். அன்னைக்குத் தொடங்கினது. என் பேருக்கு முன்னால ஹைப்போ ஒட்டிக்கிட்டதும் அதனாலதான்.

100 மில்லி தண்ணியில 10 கிராம் ஹைப்போவைக் கரைச்சு ஒரு கலர் பாட்டில்ல ஊத்தி இருட்டா இருக்கிற அலமாரியில வையுங்க. பத்து லிட்டர் தண்ணிக்கு இந்தக் கரைசல் 1 மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சால அளந்தா சுலபம். உங்க தொட்டி முழுசுக்கும் 6 மில்லி போதும். போட்டு ஒரு கலக்கு கலக்கினா ஓரிரு நிமிஷத்துல குளோரின் முறிஞ்சிரும். கொஞ்சம் கூடிப் போனாலும் மீனுக்குக் கெடுதல் இல்ல. மாசத்துக்கொரு தடவை புதுசாக் கரைச்சுக்கிடுங்க. கடையில கேக்கும்போது மட்டும் கவனம்: போட்டோ ஃபிக்சர்னு பொட்டலம் வரும், அதுல படிகாரமும் வேற உப்பும் கலந்திருக்கும், அது வேண்டாம். தனி ஹைப்போ கிறிஸ்டல்னு கேளுங்க. லேப் சாமான் விக்கிற கடையிலயும் மீன் கடையிலயும் கிடைக்கும்.

ஹைப்போ குளோரினை மட்டுந்தான் பாக்கும். செம்புக்கு அதை நம்பக் கூடாது, உப்புத் தண்ணிக்கும் அது மருந்தில்ல.

ஹைப்போ இல்லாமலும் முடியும். அகல வாய் டிரம்ல தண்ணியை நிரப்பி, காத்துக்கல்லு போட்டு ஒரு ராத்திரி ஒரு பகல் ஓட விட்டா குளோரின் போயிரும். மூடி வச்ச டிரம்ல ரெண்டு நாள் வச்சாலும் நம்ப முடியாது, காத்து பட்டாத்தானே போகும். நான் ரெண்டையும் செய்வேன். ராத்திரி நிரப்பி, ஹைப்போ போட்டு, காத்து விட்டு, மறுநாள்தான் தொட்டிக்கு ஊத்துவேன்.

குளோரின் இருக்கா இல்லையான்னு பாக்க ஓ.டி. சொட்டு மருந்து இருக்கு. சுகாதாரத்துறைக்காரங்க தெருவுல குழாய்த் தண்ணியைப் பிடிச்சு ரெண்டு சொட்டு விட்டு மஞ்சள் நிறம் பாப்பாங்க பாருங்க, அதேதான். மஞ்சள் வந்தா குளோரின் இருக்கு. குடிக்கிற தண்ணியில வீட்டுக் குழாய்க்கு வரும்போது லிட்டருக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்கணும்ங்கிறது நம்ம நாட்டுத் தரம். அது நம்ம நல்லதுக்குத்தான் போடுதாங்க. அதை எடுத்துட்டு மீனுக்கு ஊத்துத வேலை நம்மளோடது.

இந்த அளவு எப்பவும் ஒண்ணு போல இருக்காது. 2023 டிசம்பர் 17, 18-ல வெள்ளம் வந்தப்ப எங்க வண்ணார்பேட்டை வீட்டுல கரண்ட் மூணு நாள் இல்ல. தொட்டியில காத்து கிடையாது. நானும் என் வீட்டுக்காரியும் முறை வச்சு, பிளாஸ்டிக் மக்குல மோந்து ஒரு முழம் உயரத்துல இருந்து திரும்பத் தொட்டியிலயே ஊத்திக்கிட்டிருந்தோம், ராத்திரியும்தான். தண்ணி விழும்போதுதான் காத்து கரையும். ஏஞ்சல் மீன் ஜோடி பிழைச்சுச்சு. அப்புறம் குழாய்ல தண்ணி வந்தப்ப ஓ.டி. விட்டுப் பாத்தேன், மஞ்சள் தாண்டி ஆரஞ்சு அடிச்சுச்சு. வெள்ளம் வந்த ஊருல நோய் பரவாம இருக்கக் கூடுதலாத்தான் போடணும். நான் ஹைப்போவை ரெண்டு மடங்கு போட்டு, திரும்ப ஓ.டி. விட்டு, நிறம் வராததைப் பாத்த பிறகுதான் ஊத்தினேன். அதனால குழாய் உடைஞ்சு சரி பண்ணின நாள், மழை வெள்ளம் வடிஞ்ச வாரம், வீட்டு மேல் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவின நாள், இதுலெல்லாம் பாக்காம ஊத்தாதீங்க. மேல் தொட்டி கழுவினது தெரியாம ஒரு தடவை ஊத்தி, நாலு வருஷம் வளத்த ஏஞ்சல் ரெண்டை இழந்திருக்கேன். அந்த ரெண்டும் என் கையில இருந்து தீனி வாங்கித் திங்கும். இப்பவும் அதை நினைச்சா மனசு கனக்கும்.

கல்லிடைக் கெண்டை:

அண்ணாச்சி, நான் கல்லிடைக்குறிச்சி. ரெண்டு சந்தேகம். காய்ஞ்ச பாதாம் இலை போட்டா தண்ணி சுத்தமாயிரும்னு சொல்லுதாங்களே, குளோரினுக்கும் அது போதுமா? ரெண்டாவது, ஆத்துல பிடிச்ச சின்னக் கெண்டையைத் தொட்டியில விடலாமா? எங்களுக்கு ஆத்துத் தண்ணி வாசல்லயே ஓடுது, அதுல குளோரின் கிடையாது.

ஹைப்போ அண்ணாச்சி:

தம்பி, நாட்டு வாதுமை இலை நல்ல சரக்குதான். தண்ணி டீ நிறத்துக்கு வரும், ஃபைட்டர் மீனுக்கும் நியானுக்கும் அது பிடிக்கும். நல்லாக் காய்ஞ்சு தானா விழுந்த இலையா, மருந்தடிக்காத மரமாப் பாத்து, கழுவி, முப்பது லிட்டருக்கு ஒண்ணு போடு. ஆனா குளோரினுக்கு அதை நம்பாத.

ஆத்துத் தண்ணியை நேரா எடுக்கலாம்னு தோணும். ஆனா மேல வயல்ல பிசான நெல்லுக்கு மருந்தடிச்சு வடியுத தண்ணியும் அதே ஆத்துல கலக்கு. மழை பெஞ்சு செங்காவி நிறத்துல வரும்போது எடுக்கவே கூடாது. தெளிய வைக்கப் படிகாரம் போடுதவங்க உண்டு. மென்மையான தண்ணியில படிகாரம் பி.எச்.சை, அதாவது தண்ணியோட அமில-கார அளவை, சரசரன்னு இறக்கிரும், மீன் தாங்காது. எங்க ஆச்சி மண்பானை உள்பக்கத்துல தேத்தாங்கொட்டையை இழைச்சுத் தெளிய வைப்பா. குடிக்க அது சரி, மீன் தண்ணிக்கு ஒண்ணும் போடாம தானாத் தெளிய விடு, மேல்தண்ணியை மட்டும் மோந்துக்கோ.

கெண்டை விஷயத்துல எனக்கு ஒரே கருத்து. பிடிக்காத. நம்ம ஆத்துல மட்டுமே இருக்கிற ஒரு கெண்டை இருக்கு, அறிவியல் பேர்லயே ஆறு இருக்கு: டாகின்சியா தாம்ரபர்ணியேய். ஆண் மீனோட முதுகுத் துடுப்புல இருந்து நூல் நூலா நீண்டு தொங்கும், பாக்க அப்படி ஒரு அழகு. உலகத்துல வேற எந்த ஆத்துலயும் கிடையாது. அது ஓடுத தண்ணியில, கூட்டத்தோட கிடக்குத மீன். படிக்கட்டுல உக்காந்து ரெண்டு பொரி போட்டுப் பாரு, தொட்டியில பாக்குததை விட நல்லாவே தெரியும்.

பெருமாள்புரம் அம்மா:

அண்ணாச்சி, படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். பையன்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். "அப்ப நம்ம மேல தப்பில்லையாம்மா"ன்னு கேட்டான். அண்டாவை அவனே தூக்கிப் பரண்ல வச்சிட்டான்.

இனி ஆர்.ஓ. தண்ணி ஊத்தலாமா? எங்க போர் மீட்டர்ல 900 காட்டுது. எப்ப மீன் வாங்கலாம்? இந்தத் தடவை எத்தனை?

ஹைப்போ அண்ணாச்சி:

ஆர்.ஓ. தண்ணியை மட்டும் ஊத்தாதீங்க. அதுல உப்பு ரொம்பக் கம்மிங்கிறதால பி.எச். பிடிமானம் இல்லாம ஒரு நாள் திடீர்னு சரிஞ்சிரும். போர் தண்ணி மட்டும்தான் இருக்கிற வீட்டுக்கு, போர் பாதி ஆர்.ஓ. பாதின்னு கலந்தா ஆகும். போரோட 900-மும் ஆர்.ஓ.வோட 40-மும் கலந்தா 470-க்கு வரும். உங்களுக்கு ஆத்துத் தண்ணி வீட்டுக்கே வருது. அதை விட்டுட்டுக் காசு கொடுத்துக் கேன் தண்ணி எதுக்கு? ஆத்துத் தண்ணியே ஊத்துங்க. கூட ஒரு பிடி போர் தண்ணி வேணும்னா, அறுபதுக்குப் பத்து லிட்டர் சேத்தா கப்பிக்கு இன்னும் நல்லது. போர் தண்ணி கீழ இருந்து வரும்போது காத்து இல்லாம வரும், அதையும் ராத்திரி முழுக்கக் காத்து விட்டுத்தான் சேக்கணும்.

நியான் இப்ப வேண்டாம் தங்கச்சி. அது அமேசான் காட்டு நிழல்ல ஓடுத தண்ணி மீன், 26 டிகிரிக்கு மேல நாள் கணக்காப் போனா வாடும். நம்ம ஊரு சித்திரையில தொட்டித் தண்ணி 31, 32 சாதாரணமா நிக்கும். பையனுக்கு முதல் மீன் கப்பிதான். நாலு வாங்குங்க. நாலுக்கு மேல ஒண்ணு கூட வேண்டாம்.

ஏன்னா தண்ணி சுத்தமாயிட்டா மட்டும் தொட்டி தயார் கிடையாது. மீன் கழிவுல இருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா, அதை நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை. ரெண்டும் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டி வளரணும், அதுக்கு நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அது வரைக்கும் மீன் தன் கழிவுலயே கிடக்கும். பி.எச். 7-ல இருந்து 8-க்குப் போனா அம்மோனியாவோட விஷப்பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஏறும், அதனாலதான் போர் தண்ணியை அந்தப் பத்து லிட்டருக்கு மேல கூட்டாதீங்கன்னு சொல்லுதேன். தெரிஞ்சவங்க பழைய தொட்டி ஸ்பாஞ்சுல ஒரு துண்டு கொடுத்தா, உங்க ஃபில்டர் பக்கத்துல வையுங்க, நாள் பாதியாக் குறையும். வண்ணார்பேட்டை வரைக்கும் வர முடிஞ்சா நான் தாரேன், ஈரத்தோட டப்பாவுல கொண்டு போகணும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவக் கூடாது இனிமே. தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியில ரெண்டு பிழி பிழிஞ்சாப் போதும்.

வாரம் ரெண்டு தடவை பதினஞ்சு லிட்டர் மாத்துங்க. தீனி ஒரு நேரம், ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்குத அளவு. மாடித் தொட்டித் தண்ணியை மத்தியானம் பிடிக்காதீங்க, கை சுடும். அதிகாலையில பிடிச்சு வீட்டுக்குள்ள வச்சு, தொட்டிச் சூடும் வாளிச் சூடும் ஒண்ணா இருக்கான்னு தெர்மாமீட்டர்ல பாருங்க. ரெண்டு டிகிரிக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. மீனைப் பையோட கால் மணி நேரம் மிதக்க விட்டு, அப்புறம் பைக்குள்ள உங்க தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, மீனை மட்டும் வலையில எடுத்து விடுங்க. கடைத் தண்ணி உள்ள போக வேண்டாம்.

பெருமாள்புரம் அம்மா:

இன்னைக்கோட பன்னெண்டு நாள் அண்ணாச்சி. நாலு கப்பியும் இருக்கு. ஸ்பாஞ்சு கொடுத்ததுக்கு மதினிகிட்டயும் சொல்லிருங்க. பையன் ஒரு நோட்டுப் போட்டு சூடு, ஹைப்போ, ஓ.டி. நிறம் எல்லாம் தேதி வாரியா எழுதுதான். அம்மோனியா சோதனை 0.25 காட்டுது. காலையில இருந்து ஒரு பொட்டைக் கப்பி மட்டும் மூலையில ஒதுங்கி நிக்கு, வயிறு உப்பி கருப்பாத் தெரியுது. சீக்கான்னு பயமா இருக்கு.

ஹைப்போ அண்ணாச்சி:

சீக்கு இல்ல தங்கச்சி, குட்டி போடப் போகுது. 0.25-க்கு இன்னைக்கே பதினஞ்சு லிட்டர் மாத்துங்க, சூடு பாத்து மெதுவா ஊத்துங்க. தொட்டியில வேலம்பாசி ரெண்டு கொத்து போட்டு விடுங்க, குட்டிக்கு ஒளிய இடம் வேணும். தாயை வேற பாத்திரத்துக்கு மாத்தாதீங்க. பையனை ராத்திரி விளக்கைச் சீக்கிரம் அணைக்கச் சொல்லுங்க, பெரும்பாலும் விடியக் காலத்துலதான் போடும்.